அத்தியாயம் 9: கத்தியை எடுக்காதீர்கள்

மெக்கானிக் வந்ததும் ஃப்ரீசர் கதவைத் திறந்தார். பக்கச் சுவரில் கடுகளவு இருந்த ஓட்டையை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். "கத்தியா, ஸ்க்ரூ டிரைவரா அக்கா?" என்றார்.

"தோசைத் திருப்பி."

"இது புதுசா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் பையைத் திறந்தார். சிரிக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு வீட்டிலாவது இதே ஓட்டையைப் பார்ப்பவருக்குச் சிரிப்பு வருமா?

அன்று காலை நடந்தது இவ்வளவுதான். பச்சைப் பட்டாணிப் பாக்கெட் ஒன்று ஃப்ரீசரின் பக்கச் சுவரோடு ஐஸில் ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன், வரவில்லை. தோசைத் திருப்பியை அடியில் செருகி நெம்பினேன். பாக்கெட் வந்துவிட்டது. கூடவே 'ஸ்ஸ்' என்று ஒரு சன்னமான சத்தமும் வந்தது. சைக்கிள் ட்யூபில் காற்று இறங்குவதுபோல ஒரு நிமிடம் கேட்டு நின்றது. லேசான எண்ணெய் வாடை. அதன்பின் ஃப்ரிட்ஜ் நிற்காமல் ஓடியது, ஆனால் குளிரவில்லை. நான் எடுக்க நினைத்த ஐஸ் முழுவதும் மாலைக்குள் தானாகவே கரைந்து தரையில் ஓடியது.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் பெட்டி ஒரு சாதாரணத் தகரப் பெட்டி என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தச் சுவரே குழாய். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளை ஒன்றோடொன்று அழுத்தி ஒட்டி, நடுவில் ஓடைபோல வழிவிட்டிருப்பார்கள். அந்த வழியில்தான் கேஸ் ஓடுகிறது. ஐஸ் இல்லாதபோது பார்த்தால் சுவரில் நரம்புபோலப் புடைத்திருப்பது தெரியும். ஐஸ் மூடியிருக்கும்போது நரம்பு எங்கே, வெறும் தகடு எங்கே என்று யாருக்கும் தெரியாது. அலுமினியத்தில் விழுந்த ஓட்டையை அடைப்பது செம்புக் குழாயில் பற்றவைப்பதுபோல எளிதல்ல. அடைத்தாலும் எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதோடு விடாது: ஓட்டை விழுந்த பிறகும் ஃப்ரிட்ஜை ஓடவிட்டால் அந்த வழியாக ஈரக் காற்று உள்ளே போய், முடியளவு துளையுள்ள கேப்பிலரிக் குழாயை அடைக்கும். என் ஃப்ரிட்ஜில் பெட்டியையே மாற்ற வேண்டியதாயிற்று. பட்டாணி அப்போது கிலோ என்ன விலை என்று யோசித்துக்கொண்டே பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் கத்தி, திருப்பி, ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல் எதற்கும் வேலை இல்லை. பிளாஸ்டிக் கரண்டி பரவாயில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கரைந்து தளர்ந்த பலகையைத் தள்ளுவதற்குப் பரவாயில்லை, நெம்புவதற்குக் கூடாது.

ஐஸ் எங்கிருந்து வருகிறது

நாம் ஊற்றாத தண்ணீர் ஃப்ரீசருக்குள் எப்படி வந்தது? காற்றிலிருந்து. சென்னையில் 32 டிகிரி வெயிலில், ஈரப்பதம் 75 சதவீதம் இருக்கும் ஒரு நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 25 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் பெரும்பாலும் 190 லிட்டர். சாமான் போக மீதி 150 லிட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். கதவைத் திறந்ததும் உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்று கனமானதால் காலடியில் வழிந்து வெளியே போகும், மேலே வெளிக்காற்று நுழையும். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு "இன்னைக்கு என்ன குழம்பு வைக்கலாம்" என்று அரை நிமிடம் யோசித்தால் மொத்தக் காற்றும் மாறிவிடும். ஒரு தடவைக்கு 3, 4 கிராம் தண்ணீர் உள்ளே. கொஞ்சமாகத் தெரியும். ஒரு நாளைக்கு இருபது தடவை, மாதம் முப்பது நாள் என்று பெருக்கிப் பாருங்கள். அதில் பாதியே தங்கினாலும் கிலோக் கணக்கில் வரும். அந்த ஈரம் ஃப்ரிட்ஜுக்குள் எங்கே குளிர் அதிகமோ அங்கே போய் ஒட்டும். அது ஃப்ரீசர் சுவர்.

காற்று போக, மூடாத ரசம், ஆறாத சாம்பார், அலசிய ஈரத்தோடு வைத்த கீரை, திறந்து கிடக்கும் தேங்காய் மூடி எல்லாமே ஈரம் விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஐஸ் சீக்கிரம் ஏறுவதும் சித்திரையில் கொஞ்சம் நிதானமாக ஏறுவதும் இதனால்தான். கடற்கரை ஊர்களில் சித்திரையிலும் தப்ப முடியாது.

ஐஸ் இருந்தால் நல்லதுதானே, குளிர்ச்சியாக இருக்குமே என்று என் மாமியார் சொல்வார். பார்த்தால் நியாயமாகத்தான் படும். ஆனால் கெட்டியான ஐஸே அலுமினியத்தோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்குதான் வெப்பத்தைக் கடத்தும். ஃப்ரீசரில் படிவது பஞ்சுபோலக் காற்று பொதிந்த ஐஸ், அது இன்னும் மோசம். சுவருக்கு ஸ்வெட்டர் போட்டதுபோலத்தான். சாமானிலிருக்கும் சூடு சுவரைப் போய்ச் சேராது, தெர்மோஸ்டாட் 'இன்னும் குளிரவில்லை' என்று கம்ப்ரெஸ்ஸரை ஓட்டிக்கொண்டே இருக்கும், மின்சாரக் கட்டணம் ஏறும், கீழ்த்தட்டில் பால் திரியும். சுண்டுவிரலின் பாதிக் கனம், அதாவது அரை சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் கரைத்துவிடுங்கள். ஒரு கை கனத்துக்கு ஏறும்வரை விட்டால் அது ஒரு நாள் வேலையாகிவிடும்.

கரைக்கும் முன் ஐஸைப் படியுங்கள்

இது நான் அந்த மெக்கானிக்கிடம் கற்றது. எல்லோரும் ஐஸைக் கண்டதும் ஸ்விட்சை அணைக்கிறார்கள். அவர் முதலில் ஐஸ் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்.

பெட்டியின் நாலு பக்கமும் ஒரே சீராக வெள்ளை படர்ந்திருந்தால் கோளாறு எதுவும் இல்லை, நாள் ஆகிவிட்டது, அவ்வளவுதான். வாய்ப்பக்கம் மட்டும் தடித்து உள்ளே மெலிந்திருந்தால் வெளிக்காற்று ஏதோ ஒரு வழியாக வந்துகொண்டே இருக்கிறது என்று பொருள். ஃப்ரீசரின் சின்னக் கதவு உடைந்திருக்கும், இல்லையேல் பெரிய கதவின் ரப்பர் படியாமல் இருக்கும். ஒரு மூலையில் மட்டும் ஐஸ், மற்ற இடம் வெறும் ஈரம் என்றால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட ஃப்ரிட்ஜை எத்தனை தடவை கரைத்துத் துடைத்தாலும் பயன் இல்லை. ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

ரப்பரைச் சோதிக்கப் பத்து ரூபாய்த் தாள் போதும். தாளைப் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி வைத்துக் கதவை மூடி மெல்ல இழுங்கள். பிடித்து இழுபட்டு வந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் தளர்ந்துவிட்டது. நாலு பக்கமும் பார்க்க வேண்டும், முக்கியமாகக் கீல் பக்கத்துக் கீழ் மூலை. அங்கேதான் மடிப்பில் அழுக்கு சேர்ந்து ரப்பர் கதவை விட்டு நிற்கும். பாதிப்பேருக்கு அழுக்கை எடுத்தாலே சரியாகிவிடும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை இறுகிப்போன இடத்தில் சில நிமிடம் வைத்து, விரலால் உருவிவிட்டால் ரப்பர் கொஞ்சம் இளகி வடிவத்துக்கு வரும். வெடித்துக் கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்றும் பாருங்கள், தெர்மோஸ்டாட் குமிழ். அதிலிருக்கும் 1 முதல் 7 வரை எண்கள் டிகிரி அல்ல. எண் கூடக் கூடக் குளிர் கூடும். சித்திரையில் 6-க்குத் திருப்பியவர்கள் மார்கழியிலும் அப்படியே வைத்திருப்பார்கள். மழைக்காலத்தில் 2, 3 போதும்.

எந்த நாளில் செய்வது

என் யோசனை, மின்வாரியம் அறிவிக்கிற மாதாந்திரப் பராமரிப்பு நாள். சென்னையில் பெரும்பாலும் காலை 9 மணி முதல் 2 மணி வரை கரண்ட் இருக்காது. மற்ற ஊர்களில் சாயங்காலம்வரை கூடப் போகும். முந்தின நாளே பேப்பரில் ஏரியா பெயர் வந்துவிடும். எப்படியும் ஃப்ரிட்ஜ் அன்று சும்மாதான் நிற்கப்போகிறது, ஐந்து மணி நேரம் கையில் கிடைக்கிறது. மற்றவர்கள் திட்டிக்கொண்டிருக்கும் நாளில் நமக்கு ஒரு வேலை முடியும். ஐஸைக் கரைக்க டேபிள் ஃபேன் ஓடாதே என்றால், வெந்நீர்ப் பாத்திரம் போதும், கீழே சொல்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: கரண்ட் இல்லை என்றாலும் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கை ஈரமாக இருக்கும் நேரத்தில் கரண்ட் சொல்லிக்கொண்டு வராது.

அதற்கு நாலைந்து நாள் முன்பிருந்தே ஃப்ரீசரைத் தின்று தீர்க்க வேண்டும். மீன் வாங்காதீர்கள். துருவி வைத்த தேங்காய், போன மாதத்துப் பட்டாணி, விருந்தாளி கொண்டுவந்த ஐஸ்கிரீமின் கடைசிக் கால் பங்கு எல்லாம் காலியாகட்டும். மாவு முந்தின இரவோடு முடியும்படி அரைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுகிற பாலும் தயிரும் எதிர்வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் போகலாம். எதிர்வீட்டில் பேச்சுவார்த்தை இல்லையென்றால், மீன் கடையில் கேட்டால் பழைய தெர்மோகோல் பெட்டி கிடைக்கும். நன்றாகக் கழுவி, ஐஸ் பாக்கெட்டுகளோடு அதில் வைத்து இறுக்கி மூடுங்கள். நம் ஊர் வெயிலில் பால், கறி, மீன் போன்றவை வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. கறியில் நடுவில் இன்னும் ஐஸ் துகள் இருந்தால் திரும்ப ஃப்ரீசரில் வைக்கலாம். முழுக்க இளகி வெதுவெதுப்பாகிவிட்டது என்றால் வைக்காதீர்கள்.

வீட்டில் இன்சுலின் இருந்தால் முதலில் அதற்கு இடம் பாருங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. ஐஸில் நேராகப் பட்டு உறைந்துவிட்டால் வீண். இளகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் போடக் கூடாது. ஐஸ் பாக்கெட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு துண்டைச் சுற்றி வையுங்கள்.

கரைக்கும் வேலை

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் பலவற்றில் தெர்மோஸ்டாட் குமிழின் நடுவில் ஒரு பொத்தான் இருக்கும். பத்து வருடமாக ஃப்ரிட்ஜ் வைத்திருந்தும் அது எதற்கு என்று தெரியாத வீடுகள் உண்டு. இரவு படுக்கும்முன் அதை அமுக்கினால் கம்ப்ரெஸ்ஸர் நிற்கும். சுவர் குளிர் விட்டு ஐஸ் கரைந்ததும் பொத்தான் தானே வெளியே வந்து ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பிக்கும். மெல்லிய ஐஸுக்கு அது போதும். மாதம் ஒருமுறை அமுக்கினால் பெரிய கரைப்புக்கு அவசியமே வராது. காலையில் ஃப்ரீசருக்குக் கீழே இருக்கும் சில் ட்ரேயை மட்டும் மறக்காமல் எடுத்து ஊற்றிவிடுங்கள். பால் பாக்கெட் வைக்கிறோமே, அந்தத் தட்டுதான். நிரம்ப நிரம்ப இருக்கும். தூக்கம் கலையாத கையால் இழுத்தால் தண்ணீர் முட்டைமேல் கொட்டும்.

கை கனத்துக்கு ஐஸ் ஏறியிருந்தால் பொத்தான் போதாது. பிளக்கைப் பிடுங்கி, எல்லாத் தட்டையும் வெளியே எடுத்து, ஃப்ரிட்ஜின் முன்னால் பழைய வேட்டியோ கோணிச் சாக்கோ விரித்துவிடுங்கள். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் எடுத்து, ஃப்ரீசர் தரையில் ஒரு மரப்பலகை அல்லது நாலாக மடித்த துண்டு போட்டு அதன்மேல் வையுங்கள். சில ஃப்ரீசரில் தரை பிளாஸ்டிக். நேராக வைத்தால் வளைந்துவிடும். சின்னக் கதவை மூடிவிடுங்கள். ஆவி உள்ளேயே சுற்றி வேலை செய்யும்.

இந்தக் கணக்கு எனக்குப் பிடித்தது. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி போதும். ஒரு கிராம் ஐஸைக் கரைக்க மட்டும் 80 கலோரி வேண்டும். அதாவது ஒரு லிட்டர் கொதிநீர் 100-லிருந்து 20 டிகிரிக்கு இறங்கும்போது விடுகிற சூடு முழுவதும் ஐஸுக்கே போனால் ஒரு கிலோ ஐஸ் கரையும். முழுவதும் போகாது, பாதி காற்றோடு போகும். அதனால்தான் ஒரு பாத்திரத்தோடு முடிவதில்லை. கால் மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, மூன்று நான்கு சுற்று. அவசரப்பட்டு நெம்புகிறவர்கள் எல்லோரும் இரண்டாவது சுற்றில்தான் நெம்புகிறார்கள். மூன்றாவது சுற்றில் பக்கச் சுவரிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம் வரும், பலகைபோல ஒரு துண்டு பிரிந்து சாயும். அதைக் கையால் தூக்கி வாளியில் போடலாம். மேல்கூரை ஐஸ் கடைசியில் விழும்; கீழே பாத்திரம் இருந்தால் அதில் விழுந்து வெந்நீர் தெறிக்கும். அதனால் கூரை தளர்ந்தது தெரிந்ததும் பாத்திரத்தை எடுத்துவிடுங்கள்.

கரண்ட் இருக்கும் நாளாக இருந்தால் டேபிள் ஃபேனை எட்ட வைத்து ஃப்ரீசருக்குள் காற்று போகும்படி திருப்பிவிட்டாலே போதும், வெந்நீரைவிட நிதானமாகவும் நேர்த்தியாகவும் கரையும். ஃபேனும் அதன் வயரும் தண்ணீர் ஓடுகிற பக்கம் இருக்கக் கூடாது. ஹேர் டிரையர் வைப்பதை வீடியோக்களில் காட்டுகிறார்கள். ஈரத் தரையில் நின்றுகொண்டு, சொட்டும் ஐஸுக்கடியில் கரண்ட் சாமானைப் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மெழுகுவத்தி, சாம்பிராணித் தட்டு, கரி அடுப்பு எதையும் கிட்டே கொண்டுபோகவே வேண்டாம். இப்போது வருகிற பல ஃப்ரிட்ஜுகளில் இருப்பது ஆர்-600ஏ என்கிற ஐசோபியூட்டேன். லைட்டரில் ஊற்றுகிற கேஸுக்கு உறவு. அளவு சில பத்து கிராம்தான், ஆனால் தீப்பிடிக்கும். உங்கள் ஃப்ரிட்ஜில் எது இருக்கிறது என்று பின்புறத்திலோ உட்புறத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும்.

உப்பைத் தூவினால் சீக்கிரம் கரையும் என்பது உண்மை. அலுமினியம் அரிக்கும் என்பதும் உண்மை. முதலில் புள்ளி புள்ளியாக வெள்ளை பூக்கும், பிறகு அந்தப் புள்ளி ஓட்டையாகும். கத்தி ஒரு நொடியில் செய்வதை உப்பு மெல்லச் செய்கிறது. உருளைக்கிழங்கைத் தேய்த்தால் ஐஸே பிடிக்காது என்று ஒரு குறிப்பு ஃபோனுக்கு ஃபோன் சுற்றுகிறது. தேய்த்தும் பார்த்தேன். கிழங்கை வறுத்துத் தின்றிருக்கலாம்.

கழுவுவது

ஐஸ் போனபின்தான் ஃப்ரீசரின் உண்மையான முகம் தெரியும். மீன் கழுவிய தண்ணீர் உறைந்த தவிட்டு நிறக் கறை, ஒட்டிக் கிழிந்த செய்தித்தாள், கறிவேப்பிலைக் காம்பு. மீனைப் பேப்பரில் சுற்றி வைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். மூடியுள்ள டப்பாவில் வைத்தால் ஒட்டவும் ஒட்டாது, ஐஸ்கட்டியில் வஞ்சிர வாடையும் வராது.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு. அதில் நனைத்த பருத்தித் துணியால் முதல் துடைப்பு. பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேஜைக்கரண்டி சமையல் சோடா கலந்து இரண்டாவது துடைப்பு. வாடை போவது இந்த இரண்டாவதில்தான். கடைசியில் வெறும் தண்ணீர். கம்பி நாரும் பச்சை ஸ்க்ரப்பரும் வேண்டாம், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கில் கீறல் விழும். கீறலில் அழுக்கு தங்கினால் அடுத்த முறை எவ்வளவு தேய்த்தாலும் வராது. ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம். அதுவும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு அதைச் சுவாசிக்கும்படி ஆகிவிடும்.

கண்ணாடித் தட்டுகளைக் குளிர்ச்சியோடு எடுத்து நேராக வெந்நீரில் முக்காதீர்கள், விரிசல் விடும். அரை மணி வெளியே கிடக்கட்டும். கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் சட்டம் பெரும்பாலானவற்றில் கழன்றுவரும். கழற்றினால், ஆறு மாதத்துப் பால் அதன் இடுக்கில் மஞ்சள் கோடாக இருப்பதைப் பார்ப்பீர்கள். நான் முதல்முறை பார்த்தபோது அந்த வாரம் முழுக்க வெளியில் காபி குடித்தேன்.

இட்லி மாவு பொங்கி வழிந்து காய்ந்த இடம் சிமெண்டுபோல இருக்கும். சுரண்டாதீர்கள். நனைத்த துணியை அதன்மேல் கால் மணி நேரம் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள், பிறகு தோல்போல உரிந்துவரும். மஞ்சள் கறை மட்டும் முழுதாகப் போகாது. எதையாவது வாங்கித் தேய்க்காமல் அதோடு வாழப் பழகுவது நல்லது.

கதவு ரப்பரின் மடிப்புக்குப் பழைய டூத் பிரஷ். மடிப்பைக் கட்டைவிரலால் விரித்துக்கொண்டு சோப்புத் தண்ணீரில் தேய்த்தால் கறுப்பாகப் பூஞ்சை வரும். தேய்த்த பிரஷை உடனே தூக்கிப் போடுங்கள். எங்கள் வீட்டில் அது திரும்ப பாத்ரூம் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது, அதற்குமேல் கேட்காதீர்கள்.

எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, கதவைத் திறந்தே வைத்து அரை மணி காய விடுங்கள். ஈரத்தோடு ஓடவிட்டால் இன்று இரவே புது ஐஸுக்கு விதை போட்டதுபோல.

பின்பக்கத் தட்டு

ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்துப் பின்பக்கம் குனிந்தால், கம்ப்ரெஸ்ஸருக்கு மேலே ஒரு சின்னப் பிளாஸ்டிக் தட்டு இருக்கும். கரைகிற தண்ணீர் குழாய் வழியாக இங்கே வந்து, கம்ப்ரெஸ்ஸரின் சூட்டில் ஆவியாக வேண்டும். எல்லா நாளும் முழுதாக ஆவியாவதில்லை. வெதுவெதுப்பான, இருட்டான, யாரும் தொடாத தெளிந்த தண்ணீர்: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட நல்ல இடம் வீட்டுக்குள் கிடையாது. டெங்கு சமயத்தில் வீடு வீடாக வரும் மாநகராட்சிப் பணியாளர்கள் தொட்டியைப் பார்த்த கையோடு "ஃப்ரிட்ஜை நகத்துங்கம்மா" என்பது இதற்காகத்தான். ஒருமுறை எங்கள் தட்டை டார்ச் அடித்துக் காட்டினார்கள். கொசுப்புழுக்கள் கமாக்குறிபோல நெளிந்துகொண்டிருந்தன.

முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை தட்டைக் காலி செய்யுங்கள். ஊற்றினால் மட்டும் போதாது, ஓரத்தைப் பிரஷால் தேய்க்க வேண்டும். முட்டை தண்ணீருக்கு மேலே ஓரத்தில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த தண்ணீர் பட்டதும் பொரியும். தட்டு கழன்று வராத மாடல் என்றால் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துத் துடையுங்கள். கையோடு பின்பக்கக் கம்பிச் சுருளில் இருக்கும் ஒட்டடையையும் பெயிண்ட் பிரஷால் தட்டிவிட்டு, சுவரிலிருந்து நாலு விரற்கடையாவது தள்ளி நிறுத்துங்கள். சூடு வெளியே போக இடம் வேண்டும்.

ஃப்ரோஸ்ட் ஃப்ரீ வைத்திருப்பவர்களுக்கு

இரட்டைக் கதவு ஃப்ரோஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் ஐஸ் பிடிக்காது என்று சொல்லி விற்கிறார்கள். பிடிக்கிறது, நம் கண்ணில் படாமல் பின்சுவருக்குள் பிடித்து, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹீட்டர் அதைக் கரைத்துவிடுகிறது. ஆகவே உங்கள் வேலை கழுவுவது மட்டும்.

இரண்டு தொல்லைகள் வரும். காய்கறிப் பெட்டிக்கடியில் தண்ணீர் தேங்கினால், கரைந்த தண்ணீர் போகும் துளையில் கொத்தமல்லித் தழையோ வேறு குப்பையோ அடைத்திருக்கிறது. ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் சமையல் சோடா கலந்த வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துப் பீய்ச்சுங்கள், போய்விடும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். இரண்டாவது, ஃப்ரீசரின் பின்பலகையில் ஐஸ் ஏறி, கீழே குளிர் குறைவது. எல்லாச் சாமானையும் எடுத்துவிட்டு, கதவைத் திறந்துபோட்டு ஒரு முழு நாள் அணைத்து வையுங்கள். அதன்பின் சில நாள் நன்றாக ஓடி மறுபடி அதே தொல்லை வந்தால் ஹீட்டர், சென்சார், டைமர் இதில் ஏதோ ஒன்று போயிருக்கிறது. மெக்கானிக்கிடம் இந்த விவரத்தை அப்படியே சொல்லுங்கள். கேஸ் போட வேண்டும் என்று அவர் முதல் வார்த்தையிலேயே ஆரம்பித்தால் இன்னொருவரைக் கேளுங்கள்.

மறுபடி ஓட விடுவது

கரண்ட் வந்த உடனே போடாதீர்கள். வந்த வேகத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கும், பத்து நிமிடம் போகட்டும். குமிழை நடுவில் வைத்து ஸ்விட்சைப் போட்டு, வெறும் ஃப்ரிட்ஜாகவே இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள். ஏதாவது காரணத்தால் அணைத்தால், திரும்பப் போடும்முன் ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் உள்ளே அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரெஸ்ஸர் கிளம்பத் திணறும்.

பிறகு சாமானைத் துடைத்து, மூடி போட்டு, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குங்கள். எல்லாப் பாத்திரத்துக்கும் நடுவில் காற்று போக வழி இருக்கட்டும். ஐஸ் ட்ரேயை வைக்கும்முன் அதன் அடியை உலர்த்திவிடுங்கள். அடியில் இருக்கும் ஒரு சொட்டு ஈரம்தான் அதை ஃப்ரீசரோடு ஒட்ட வைக்கிறது. அப்படியும் ஒட்டிக்கொண்டால், ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரை ட்ரேயின் ஓரமாக விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள், வந்துவிடும். பட்டாணிப் பாக்கெட்டுக்கும் இதே வைத்தியம்தான். எனக்கு இது தெரிய ஒரு ஃப்ரீசர் பெட்டி செலவானது.

இரவு படுக்கும்முன் சின்னக் கதவைத் திறந்து பாருங்கள். சுவரில் மூச்சு விட்ட கண்ணாடிபோல மெல்லிய வெள்ளைப் படலம் படர்ந்திருக்கும். நாலு பக்கமும் ஒன்றுபோலப் படர்ந்திருந்தால் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கலாம். ஒரு மூலையில் மட்டும் வெளுத்து மீதி ஈரமாகவே மினுமினுத்தால், காலையில் மெக்கானிக்குக்கு ஃபோன் செய்யுங்கள்.